மாமா அனுப்பிய 1922-ஆம் ஆண்டுச் செய்தி



போன குளிர்காலத்தில் எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் மாமா ஒரு படம் போட்டார். பழைய ஆங்கிலப் பத்திரிகைத் துண்டு. 1922 நவம்பர் 2-ஆம் தேதி 'வாஷிங்டன் போஸ்ட்' இதழில் வந்த செய்தி. ஆர்க்டிக் கடல் சூடாகிறது, சீல்கள் காணாமல் போகின்றன, பனிப்பாறைகள் உருகுகின்றன என்று இருந்தது. கீழே மாமா எழுதியிருந்தார்: "நூறு வருசத்துக்கு முந்தியே உருகினதுதானே? அப்ப எத்தினை கார் ஓடினது?"

மாமாவின் மகள், பதினேழு வயது மச்சாள், உடனே சிரிக்கும் முகம் இரண்டு போட்டு "அப்பா, பிளீஸ்" என்று எழுதினாள். அதற்குப் பிறகு மாமா குழுவில் ஒன்றும் எழுதவில்லை. ஒரு கிழமைக்கு "காலை வணக்கம்" கூட வரவில்லை.

எனக்கு அது உறுத்தியது. மாமா 1980-களின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வந்தவர். உயர்தரத்தில் கணிதம் படித்தவர். போர் வந்ததால் பல்கலைக்கழகம் போகவில்லை. வடக்கே ஃபின்மார்க்கில், போட்ஸ்பியோர்ட் என்ற ஊரில் மீன் தொழிற்சாலையில் பல வருடம் நின்று மீன் வெட்டினார். அவர் கேட்டது மோசமான கேள்வி இல்லை. அதற்குப் பதிலும் கிடைக்கவில்லை, சிரிப்புத்தான் கிடைத்தது.

இன்னொரு காரணமும் உண்டு. நானும் ஒரு காலத்தில் மாமாவின் பக்கத்தில் நின்றவன். 2013-இல் பொறியியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வகுப்பில் எழுந்து, "1998-க்குப் பிறகு உலக வெப்பநிலை பெரிதாக உயரவே இல்லையே, ஏன்?" என்று கேட்டேன். "அதெல்லாம் முடிந்த கதை" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். முடிந்த கதை என்றால் முடிவு என்ன என்று யாரும் சொல்லவில்லை. அதனால் பல வருடம் அந்தச் சந்தேகத்தை மனதுக்குள் வைத்திருந்தேன்.

ஆகவே இந்தத் தடவை மாமாவின் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். நான் காலநிலை விஞ்ஞானி இல்லை. கணினி அமைப்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தேடிப்போன வழியில் ஒன்று கவனித்தேன்: இந்த வரலாற்றில் முக்கியமான கேள்விகளைக் கேட்டவர்களில் பலர் என்னைப்போல வெளியாட்கள்தான்.

செய்தி உண்மைதான்

முதலில் அந்தத் துண்டு போலியா என்று பார்த்தேன். போலி இல்லை. பேர்கன் நகரில் இருந்த அமெரிக்கத் துணைத்தூதர் ஜோர்ஜ் ஐஃப்ட் 1922 ஒக்டோபரில் தன் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அடுத்த மாதம் அது 'மன்த்லி வெதர் ரிவியூ' என்ற அமெரிக்க வானிலை இதழிலும் அச்சானது. இன்றும் அந்தப் பக்கத்தை இணையத்தில் யாரும் படிக்கலாம்.

அதில் என்ன இருக்கிறது? நோர்வேயின் புவியியலாளர் அடோல்ஃப் ஹூல் தலைமையில் ஒரு கப்பல் ஸ்பிட்ஸ்பேர்கன் தீவைச் சுற்றிப் போனது. வடக்கு அகலக்கோடு 81 பாகை 29 கலை வரை பனி இல்லாத கடலில் போக முடிந்தது. கிழக்கு ஆர்க்டிக் கடலில் 54 வருடம் கப்பல் ஓட்டிய கப்டன் மார்ட்டின் இங்கெபிரிக்ட்சன், 1918-இலிருந்தே கடல் மாறிவருவதைக் கவனித்ததாகச் சொன்னார். முன்பு கோடையில் 3 பாகை செல்சியஸ் அளவில் இருந்த தண்ணீர் அந்த வருடம் 15 பாகை வரை போனதாம். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் தீவின் வடகரையில்கூடக் கடல் உறையவில்லையாம். சீல்கள் குறைந்துவிட்டன. பழைய மீன்கள் போய் ஹெரிங், நாங்கள் இங்கே 'சில்' என்று சொல்லும் மீன், கூட்டம் கூட்டமாக வந்துவிட்டது.

ஆனால் மாமா அனுப்பிய படத்தின் கீழே இன்னொரு வரியும் இருந்தது. பனி உருகுவதால் சில வருடங்களில் கடல் மட்டம் உயர்ந்து கரையோர நகரங்களில் வாழ முடியாமல் போகும் என்று அப்போதே சொன்னார்களாம். அதைப் படிப்பவர் என்ன நினைப்பார்? "நூறு வருடத்துக்கு முன்பும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள், ஒன்றும் நடக்கவில்லை" என்றுதானே? 1922-இல் அச்சான வானிலை இதழின் பக்கத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. பிற்காலத்தில் யாரோ ஒட்டியது. மீன், சீல், தண்ணீரின் சூடு ஆகியவற்றோடு அந்த அறிக்கை முடிந்துவிடுகிறது.

உண்மையான பழைய செய்தி ஒன்றை எடுத்து அதன் வாலில் ஒரு பொய்யை முடிந்துவிட்டிருக்கிறார்கள். முழுவதும் பொய்யாக இருந்தால் மாமா பிடித்திருப்பார். முக்கால்வாசி உண்மையாக இருந்ததால்தான் நம்பினார்.

கப்டன் கண்டது என்ன?

சரி, வாலை வெட்டிவிட்டோம். மாமாவின் கேள்வி அப்படியே நிற்கிறது. 1922-இல் ஆர்க்டிக் ஏன் சூடானது?

ஒரு கப்பலின் ஒரு கோடையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 1806-இலேயே வில்லியம் ஸ்கோர்ஸ்பி என்ற ஆங்கிலேயத் திமிங்கில வேட்டைக்காரர் அந்தப் பக்கத்தில் 81 பாகையைத் தாண்டிப் போயிருக்கிறார். கடற்பனி காற்றோடு நகரும். ஒரு வருடம் வழிவிடும், அடுத்த வருடம் மூடும். அதனால் ஒரே இடத்தில் பல வருடம் வைத்த வெப்பமானி தேவை.

ஸ்பிட்ஸ்பேர்கனில் அது இருக்கிறது. தீவின் மேற்கே கிரீன் ஹார்பர் என்ற இடத்தில் 1911-இல் நிரந்தர வானிலை நிலையம் தொடங்கியது. பின்னர் நிலையங்கள் இடம் மாறின. 1975-இலிருந்து லோங்யியர்பியன் விமான நிலையத்தில் அளக்கிறார்கள். நோர்வே வானிலை ஆய்வாளர்கள் இந்தத் துண்டுகளையும், அங்கே குளிர்காலம் முழுக்கத் தங்கிய வேட்டைக்காரர்களின் குறிப்புகளையும் இணைத்து 1898-இலிருந்து ஒரே தொடராக ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு இடங்களில் ஒரே காலத்தில் அளந்து, இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசத்தைக் கண்டு, அதைக் கழித்துச் சேர்ப்பது ஒரு முறை. வெப்பநிலைப் பதிவுகளைத் 'திருத்துகிறார்கள்' என்று குற்றம் சொல்லும்போது பெரும்பாலும் இந்த வேலையைத்தான் சொல்கிறார்கள்.

அந்தத் தொடரைப் பார்த்தால் கப்டன் சொன்னது சரி என்று தெரியும். 1910-களின் நடுவில் கடும் குளிர். அதற்குப் பிறகு சட்டென்று ஏற்றம். 1920-களும் 30-களும் சூடானவை. சுவீடனின் பனியாற்று ஆய்வாளர் ஹான்ஸ் ஆல்மன் போன்றவர்கள் அந்தக் காலத்தில் பனியாறுகள் பின்வாங்குவதை நேரில் அளந்திருக்கிறார்கள். பிறகு வெப்பம் இறங்கி, 1960-கள் மறுபடி குளிர்ந்தன. அடுத்த ஏற்றம் அதற்குப் பின் வந்தது. அதுதான் இன்னும் நிற்காமல் போகிறது.

முதல் ஏற்றத்துக்குக் காரணம் ஒன்று அல்ல. அத்திலாந்திக் கடலின் சூடான தண்ணீரும் தெற்குக் காற்றும் வடக்கே கூடுதலாக வந்தன. அலாஸ்காவில் 1912-இல் பெரிய எரிமலை வெடித்த பிறகு, பாலியில் 1963-இல் ஆகுங் வெடிக்கும் வரை, சூரிய ஒளியை மறைக்கும் அளவுக்குப் பெரிய வெடிப்புகள் அரிதாக இருந்தன. நிலக்கரி எரித்ததால் வந்த கரியமில வாயுவுக்கும் சிறிய பங்கு உண்டு. (எங்கள் பெற்றோர் பள்ளியில் 'காபனீரொட்சைட்டு' என்று படித்தது இதைத்தான்.) பத்து இலட்சம் காற்று மூலக்கூறுகளில் அது அப்போது சுமார் 300 இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

ஆக, மாமாவுக்கு நேர்மையான பதில் இது: ஆம், கார் பெரிதாக ஓடாத காலத்திலும் ஆர்க்டிக்கின் ஒரு பகுதி சூடானது. இயற்கையால் அப்படிச் செய்ய முடியும். ஆனால் ஒருவருக்கு முன்பு ஒரு தடவை தடிமனால் காய்ச்சல் வந்தது என்பதற்காக, இன்றைய காய்ச்சலும் தடிமன்தான் என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். இன்றைய காய்ச்சலை இன்றைய அடையாளங்களை வைத்துத்தான் பார்க்கவேண்டும். அன்றைய சூடு அத்திலாந்திக் பக்கத்தில்தான் அதிகம் தெரிந்தது, சில பத்து வருடங்களில் தணிந்தும் போனது. இன்றைய சூடு ஆர்க்டிக் முழுவதும் தெரிகிறது, அன்றைய உச்சத்தையும் தாண்டிவிட்டது. 1979-இலிருந்து 2021 வரை ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது என்று 2022-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

பென்சில் கணக்கும் நீராவிப் பொறியியலாளரும்

வடதுருவம் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகச் சூடாகும் என்பது நேற்றுக் கண்டுபிடித்த விடயம் இல்லை. சுவீடன்காரர் ஸ்வாந்தே அரீனியஸ் 1896-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காற்றில் கரியமில வாயு கூடினால் எந்த அகலக்கோட்டில் எவ்வளவு சூடாகும் என்று கையால் கணக்குப் போட்டிருந்தார். துருவங்களை நோக்கிப் போகப்போக ஏற்றம் கூடும் என்று அதில் வந்தது. பனி வெள்ளை நிறம், வெயிலைத் திருப்பி அனுப்பும். பனி உருகினால் கீழே இருப்பது கரிய கடல், வெயிலைக் குடிக்கும். இதை அவர் அப்போதே எண்ணிப் பார்த்தார். அதே வருடக் கோடையில் ஸ்பிட்ஸ்பேர்கனுக்குப் போன ஓர் ஆய்வுக் கப்பலிலும் அவர் இருந்தார்.

அவர் வேதியியலாளர். இந்த விடயத்தில் அவரும் வெளியாள்தான். அடுத்து வந்தவர் இன்னும் வெளியாள். பெயர் கை காலண்டர். 1898-இல் கனடாவின் மொன்றியலில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த நீராவிப் பொறியியலாளர். அப்பா ஹியூ காலண்டர் துல்லியமான பிளாட்டினம் வெப்பமானியை உருவாக்கிய இயற்பியலாளர். மகன் ஓய்வு நேரத்தில், யாரும் கேட்காமல், உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட வானிலை நிலையங்களின் பழைய பதிவுகளைச் சேகரித்தார். கணினி இல்லாத காலம். எல்லாவற்றையும் கையால் கூட்டி, வகுத்து, சராசரி எடுத்தார்.

1938-இல் லண்டனில் அரச வானிலைக் கழகத்தில் அதை வாசித்தார். கடந்த ஐம்பது வருடத்தில் மனிதர் எரிபொருள் எரித்துச் சுமார் 15,000 கோடி தொன் கரியமில வாயுவைக் காற்றில் விட்டிருக்கிறார்கள். அதே காலத்தில் உலகம் ஏறத்தாழ கால் பாகை சூடாகியிருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றார். சபையில் இருந்த வானிலை அறிஞர்கள் நம்பவில்லை. இது தற்செயல் என்றார்கள், வேறு காரணம் இருக்கும் என்றார்கள்.

இங்கே நில்லுங்கள். 1938-இல் 'சந்தேகப்பட்டவர்கள்' யார்? வானிலைத் துறையின் பெரியவர்கள். புதிதாகக் கேள்வி கேட்டவர் ஓர் ஆர்வலர். இன்று பலர் நினைப்பதற்கு நேர் எதிர். மனிதரால் பூமி சூடாகிறது என்பது மேலிருந்து யாரோ திணித்த கருத்து இல்லை. வெளியாள் ஒருவர் கீழிருந்து கேட்ட சங்கடமான கேள்வியாகவும் அது இருந்திருக்கிறது.

காலண்டர் எல்லாவற்றிலும் சரியாக இருக்கவில்லை. வெளியிட்ட வாயுவில் முக்கால் பங்கு காற்றில் தங்கிவிட்டது என்று நினைத்தார். அது பாதியளவுதான் என்று இன்று தெரியும். பூமி சூடாவது நல்லது, பனியுகம் திரும்பி வராது என்றும் நம்பினார். ஆனால் அவர் கையால் எடுத்த வெப்பநிலைச் சராசரியை 2013-இல் இரண்டு விஞ்ஞானிகள் இன்றைய தரவுகளோடு ஒப்பிட்டார்கள். நன்றாகவே பொருந்தியது.

பதில் சொல்லாத சேர்வர்

இப்போது என் சொந்தச் சந்தேகத்துக்கு வருகிறேன். 1998-க்குப் பிறகு ஏற்றம் ஏன் குறைந்தது?

உலகச் சராசரி வெப்பநிலை என்றால், உலகம் முழுவதும் அளந்திருக்கவேண்டும். ஆர்க்டிக் நடுவில் தரை இல்லை, மிதக்கும் பனிதான். அங்கே வெப்பமானியை எங்கே நடுவது? 1937-இல் சோவியத் நாட்டின் இவான் பாபானினும் மூன்று தோழர்களும் துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு பனித்தட்டில் இறங்கி, அது மிதந்துபோன வழியெல்லாம் ஒன்பது மாதம் அளந்தார்கள். பின்னர் இப்படி மிதக்கும் நிலையங்கள் பல வந்தன. ஆனாலும் வரைபடத்தில் ஆர்க்டிக் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. 2013-இல் உலகம் அதிகம் பயன்படுத்திய பிரித்தானியத் தரவுத்தொகுப்பு பூமியின் பரப்பில் 84 வீதத்தைத்தான் மூடியது. மீதி 16 வீதத்தில் துருவப் பகுதிகளும் ஆபிரிக்காவின் சில பகுதிகளும் அடங்கும்.

என் வேலையில் இது அடிக்கடி வரும். ஓர் அறையில் 20 சேர்வர்கள் இருக்கின்றன. சராசரி வெப்பம் என்ன என்று திரை காட்டுகிறது. மூலையில் இருக்கும் மூன்று பதில் சொல்லவில்லை. திரை மீதி 17-க்குச் சராசரி எடுத்து, "எல்லாம் நலம்" என்று பச்சை விளக்குக் காட்டும். அந்த மூன்றையும் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் நினைப்போம். உண்மையில், அவையும் மற்ற 17-இன் சராசரியில்தான் இருக்கின்றன என்று நமக்குத் தெரியாமலே சொல்லிவிட்டோம். குளிர்காற்று போகாத மூலை அதுவாக இருந்தால்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கெவின் கௌட்டன். இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தில் படிகங்களிலிருந்து புரதங்களின் வடிவத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் எழுதுபவர். காலநிலை அவர் துறை இல்லை. அவரோடு சேர்ந்தவர் றொபேர்ட் வே, அப்போது கனடாவின் ஒட்டாவாவில் முனைவர் பட்ட மாணவர். இருவரும் வெற்றிடங்களை நிரப்ப ஒரு பழைய பொறியியல் முறையை எடுத்தார்கள். தங்கச் சுரங்கத்தில் துளையிட்ட இடங்களை வைத்து, துளையிடாத இடத்தில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று கணிக்க, தென்னாபிரிக்கச் சுரங்கப் பொறியியலாளர் டேனி கிரிகே தொடக்கிவைத்த முறை அது. அதோடு செய்மதித் தரவையும் சேர்த்தார்கள். அந்தத் தரவு யாருடையது தெரியுமா? அமெரிக்காவின் அலபாமாவில் ஜோன் கிறிஸ்டி, ரோய் ஸ்பென்சர் என்ற இருவர் தயாரிப்பது. காலநிலை மாற்றம் பற்றிய பொதுக்கருத்தைச் சந்தேகிப்பவர்கள் என்று பெயர்பெற்றவர்கள் அவர்கள்.

முறை சரியா என்று எப்படித் தெரியும்? அளவு தெரிந்த இடங்களை வேண்டுமென்றே மறைத்துவிட்டு, அவற்றைக் கணித்து, பிறகு உண்மையோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2013 நவம்பரில் வெளியானது: 1997-இலிருந்து 2012 வரை உலக வெப்ப ஏற்றம் முன்பு காட்டியதைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. காணாமல் போன சூட்டில் ஒரு பங்கு, வெப்பமானி இல்லாத ஆர்க்டிக்கில் இருந்திருக்கிறது. எல்லாமும் அங்கே இல்லை. 1998-இல் பெரிய எல் நினோ வந்து அந்த வருடத்தை மிகவும் சூடாக்கியது. அதைத் தொடக்கப் புள்ளியாக எடுத்தால் எந்தக் கோடும் தட்டையாகத்தான் தெரியும். பிறகு சில வருடம் பசிபிக் கடல் கூடுதல் வெப்பத்தை உள்ளே வாங்கியது. பிரித்தானியத் தொகுப்பைத் தயாரிப்பவர்களும் 2020 கடைசியில் வந்த புதிய பதிப்பில் வெற்றிடங்களை நிரப்பத் தொடங்கினார்கள்.

அந்தக் கட்டுரை வந்த இதழ் எது என்று பார்த்தபோது சிரிப்பு வந்தது. 1938-இல் காலண்டரின் கட்டுரையை அச்சிட்ட அதே அரச வானிலைக் கழகத்தின் காலாண்டிதழ். நான் வகுப்பில் எழுந்து கேட்ட அதே வருடத்தில் பதில் அச்சாகியிருக்கிறது. எனக்குச் சொல்ல ஆள் இல்லை. நானும் தேடவில்லை. "முடிந்த கதை" என்று சொன்னவர்கள்மேல் இருந்த கோபம் எனக்குச் சுகமாக இருந்தது. அதனால் தேடவில்லை.

சந்தேகப்பட்டவரே எண்ணிப் பார்த்தார்

இன்னொருவர் றிச்சட் முல்லர், கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர். வெப்பமானிகள் நகரங்களுக்குள் சிக்கிக்கொண்டதால் பொய்யான சூடு தெரிகிறதோ, வசதியான நிலையங்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்களோ, திருத்தங்களில் ஏதும் விளையாட்டு உண்டோ என்று அவர் வெளிப்படையாகச் சந்தேகப்பட்டார். 2010-இல் மகள் எலிசபெத்துடன் சேர்ந்து 'பேர்க்லி ஏர்த்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். பணம் கொடுத்தவர்களில் ஒன்று எண்ணெய்த் தொழில் அதிபர் சார்ள்ஸ் கோக்கின் அறக்கட்டளை. சந்தேகப்பட்டவர்கள் பலர், "இவர் சொல்வதை ஏற்போம்" என்று காத்திருந்தார்கள்.

முல்லர் குழு 39,000-க்கும் குறையாத நிலையங்களின் பதிவுகளை எடுத்தது. நகரங்களை விலக்கியும் பார்த்தது. முடிவு, முன்பு மற்றவர்கள் சொன்னதேதான்: நிலப்பரப்பு கடந்த 50 வருடத்தில் மட்டும் ஏறத்தாழ 0.9 பாகை சூடாகியிருக்கிறது. 2012 ஜூலையில் முல்லர் தன் கருத்தை மாற்றிக்கொண்டதாக 'நியூயோர்க் டைம்ஸ்' இதழில் எழுதினார். ஏற்போம் என்று காத்திருந்தவர்களில் பலர் ஏற்கவில்லை.

ஒரு வேறுபாடு இங்கேதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முல்லருக்கும் அவர்களுக்கும் தொடக்கத்தில் இருந்தது ஒரே சந்தேகம். அவர் எண்ணிப் பார்த்தார், வந்த விடையை எடுத்துக்கொண்டார். அவர்கள் விடை பிடிக்காததால் எண்ணியவரை மாற்றினார்கள்.

மறுபக்கத்தின் தவறுகள்

நியாயமாகப் பேசவேண்டும் என்றால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2007 டிசம்பரில் ஒஸ்லோவில் நோபெல் சமாதானப் பரிசு உரையில் அல் கோர் இரண்டு கணிப்புகளைச் சொன்னார். ஆர்க்டிக் கோடைப்பனி 22 வருடத்துக்குள் முழுதாகப் போகலாம் என்று ஒன்று. ஏழே வருடத்திலும் நடக்கலாம் என்று இன்னொன்று. ஏழு வருடம் போனது, பனி இருந்தது. மாமா போன்றவர்கள் அதை மறக்கவில்லை. மறக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை.

2012 செப்டம்பரில் கடற்பனி சுமார் 34 இலட்சம் சதுர கிலோமீற்றராகக் குறைந்தது. செய்மதிப் பதிவு தொடங்கிய பிறகு அதுவே மிகக் குறைவு. 2013-இல் சுமார் 50 இலட்சமாகக் கூடியது. உடனே "பனி திரும்பி வந்துவிட்டது" என்று தலைப்புகள் வந்தன. 1980-களில் அதே மாதத்தில் இருந்தது சுமார் 70 இலட்சம். 2007-க்குப் பிறகு ஒரு செப்டம்பர்கூட அந்த அளவுக்குத் திரும்பவில்லை. ஏழு வருடத்தில் முடிந்துவிடும் என்பதும் தவறு, திரும்பி வந்துவிட்டது என்பதும் தவறு. இரண்டும் ஒரு வருடத்தையோ ஒரு கணிப்பையோ பிடித்துத் தொங்கியவை.

லோங்யியர்பியனில் இருப்பவர்களுக்கு இது விவாதம் இல்லை. 2015 டிசம்பரில் அங்கே பனிச்சரிவு வீடுகளின்மேல் விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஒரு சரிவுக்கு ஒரு காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மலையடியில் எங்கே வீடு கட்டலாம் என்பதை அந்த ஊர் மறுபடி யோசிக்க வேண்டியிருந்தது. 2016 இலையுதிர் காலத்தில், உறைந்த மலைக்குள் இருக்கும் உலக விதைக் காப்பகத்தின் வாசல் சுரங்கத்துக்குள் மழைநீரும் உருகிய நீரும் புகுந்தன. விதைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வாசலைத் திருத்திக் கட்டினார்கள். 2020 ஜூலை 25-இல் அங்கே 21.7 பாகை பதிவானது.

மாமா வீட்டில்

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு பின்னேரம் மாமா வீட்டுக்குப் போனேன். மாமி தேத்தண்ணி வைத்தார். மச்சாளும் போனோடு வந்து இருந்தாள்.

"மாமா, நீங்கள் அனுப்பினது உண்மையான செய்திதான்" என்று தொடங்கினேன். மாமா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் போனைக் கீழே வைத்தாள்.

ஸ்பிட்ஸ்பேர்கன் வெப்பநிலைத் தொடரைக் காட்டினேன். 1922 எங்கே நிற்கிறது, 1960-கள் எங்கே, இன்று எங்கே என்று மாமா விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப அந்தக் கப்டன் பொய் சொல்லேல்லை" என்றார். "இல்லை மாமா. அவர் பார்த்ததைத்தான் சொன்னவர்."

ஆனால் கோட்டைவிட அவரைப் பிடித்தது மீன்தான். கப்டன் காலத்தில் 'சில்' வந்ததுபோல, 2013-இல் லோங்யியர்பியன் இருக்கும் ஐஸ்பியோர்டில் மக்ரெல் மீன் பிடிபட்டது என்றும், ஸ்வால்பார்டில் அதற்கு முன் அந்த மீன் பதிவானதே இல்லை என்றும் சொன்னேன். பல வருடம் மீன் தொழிற்சாலையில் நின்ற மனிதர் அல்லவா. "மக்ரெலோ? ஐஸ்பியோர்டிலையோ?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்ததாக 1922 வானிலை இதழின் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகளையும் பக்கத்தில் இருத்தி, தான் அனுப்பிய படத்தோடு வரி வரியாக ஒப்பிட்டார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இதை ஆர் தம்பி சேர்த்தது?"

"தெரியாது மாமா."

"ஏன் சேர்த்தவங்கள்?"

அதற்கு மச்சாள்தான் பதில் சொன்னாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அடுத்த நாள் காலை குடும்பக் குழுவில் மாமாவின் செய்தி வந்திருந்தது. இதழின் அசல் பக்கத்தைப் போட்டு, கீழே எழுதியிருந்தார்: "நான் முந்தி அனுப்பிய படத்தில் கடைசி வரி பிறகு ஒட்டியது. இதைப் பார்க்கவும்." அதற்குக் கீழே இன்னொரு கேள்வி: "தென்துருவத்திலும் இப்படியோ?"

அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி ஒரு படம் அனுப்பியிருந்தால், சிரிக்கும் முகம் போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.